பகல் குறுகினால் மகள் சுருண்டுவிடுகிறாள்: பிள்ளைகளுக்குப் பருவகால மனச்சோர்வு வருமா?

மழைத்தூறல் எழுதியது:

வணக்கம். என் மகளுக்கு 11 வயது. கோடையில் அவளைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. பகல் குறையத் தொடங்கியதும் வேறு பிள்ளையாகிவிடுகிறாள். காலையில் எழுப்பினால் கட்டில் ஓரத்தில் ஒரு காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். மற்றொன்று அவள் காலடியிலேயே கிடக்கும், குனிந்து எடுக்க மாட்டாள். "எடு" என்றால் கத்துவாள், பிறகு அழுவாள். பள்ளியிலிருந்து வந்ததும் இனிப்பைத் தேடுவாள், தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். தோழிகள் கூப்பிட்டாலும் போவதில்லை. வரைவதென்றால் உயிராக இருந்தவள், இப்போது வண்ணப் பென்சில் பெட்டியைத் திறப்பதே இல்லை.

சென்ற ஆண்டும் இதே பருவத்தில் இப்படித்தான் இருந்தாள். வசந்தம் வந்ததும் தெளிந்துவிட்டாள். "வளரும் வயது, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். இந்த ஆண்டும் அது திரும்பியிருக்கிறது. இது பிள்ளைகளுக்கும் வருமா? வீட்டில் நான் என்ன செய்யலாம்? மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவிலி எழுதியது:

வரும், சகோதரி. குழந்தைகள் மனநலப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் இருந்தபடி 1984ஆம் ஆண்டு இந்த நோயை விவரித்து எழுதினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1986இல், பிள்ளைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் இது இருப்பதைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பிள்ளைகளிடம் அவர்கள் கண்டவை எரிச்சல், அசதி, தூக்கச் சிக்கல், பள்ளிப் படிப்பில் தடுமாற்றம். நீங்கள் எழுதியதையும் இதையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

பெரியவர்கள் "மனம் கனக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்கு அப்படிச் சொல்லத் தெரியாது. சோகம் கோபமாக வெளியே வரும். மருத்துவர்கள் கையாளும் நோயறியும் வரையறையிலேயே, சிறுவர்களிடம் சோகத்துக்குப் பதிலாக எரிச்சல் முதன்மை அறிகுறியாக இருக்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை பிள்ளைகள் "அடங்காதவன்", "சோம்பேறி" என்று பெயர் வாங்கிக்கொண்டு கவனிக்கப்படாமலே போகிறார்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு.

உடம்புக்குள் நடப்பது ஏறக்குறைய இதுதான். கண்ணின் விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் உணரும் சில செல்களும் இருக்கின்றன. அவை மூளையிலுள்ள உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. காலை வெளிச்சம் தாமதமாகவும் மங்கலாகவும் வந்தால், சிலருக்கு அந்தக் கடிகாரம் பின்தங்கிவிடுகிறது. இரவில் சுரந்து காலையில் அடங்க வேண்டிய தூக்க ஹார்மோனான மெலடோனின், பள்ளிக்குக் கிளம்பும் நேரத்திலும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். மனநிலையோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருளான செரோடோனினுக்கும் இதில் பங்கு உண்டு. கையில் காலுறையோடு உட்கார்ந்திருக்கும் உங்கள் மகளின் உடம்பு இன்னும் இரவிலேயே இருக்கக்கூடும்.

வாடிய நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, படிப்போ நட்போ சாப்பாடோ கெடுகிறது என்றால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. இரத்தச் சோகை, தைராய்டுக் குறைபாடு போன்றவையும் இதே அசதியைத் தரும் என்பதால் முதலில் அவற்றைப் பரிசோதித்துப் பார்ப்பார்கள்.

பொறுமைசாலி எழுதியது:

எனக்கு இரண்டு பையன்கள். குளிர்காலத்தில் எந்தப் பிள்ளை உற்சாகமாக எழுந்து பள்ளிக்குப் போகிறது? இருட்டில் எழுந்திருக்க எனக்கே கசக்கிறது. எல்லாவற்றுக்கும் நோய் என்று பெயர் வைத்துவிட்டால், பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு எழாமலே இருந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். ஒழுங்கும் கண்டிப்பும் வேண்டாமா?

இன்னொன்று. பகல் குறைகிற காலமும் பள்ளிப் பாடம் இறுகும் காலமும் பல இடங்களில் ஒன்றாகவே வருகின்றன. புதிய வகுப்பு, புதிய ஆசிரியர், தேர்வு, சக மாணவர்களின் சீண்டல் எல்லாம் அப்போதுதான். பருவத்தைக் குற்றம் சொல்லிவிட்டுப் பள்ளியில் நடப்பதைக் கோட்டை விட்டுவிடக் கூடாது.

இளவேனில் எழுதியது:

ஐயா, நான் அப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தவள். 13 வயதில் தொடங்கியது, இப்போது 24. கண்டிப்பு எனக்கு நிறையவே கிடைத்தது. அது என்னை எழுப்பவில்லை. எழ முடியாததோடு, எழ முடியாத நான் கெட்டவள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. காலை வகுப்பில் ஆசிரியர் பேசுவது காதில் விழும், ஆனால் சொற்கள் ஒன்றோடொன்று சேராது. எழுதிக்கொண்டிருந்த வரியின் நடுவில் பேனா நின்றுவிடும். எதற்காக எழுதத் தொடங்கினேன் என்பதே மறந்துவிடும். அதைச் சோம்பல் என்று சொன்னால் வலிக்கிறது, ஐயா.

எனக்கு உதவியது என் அக்கா. "உனக்கு என்ன ஆயிற்று?" என்று அவள் கேட்டதே இல்லை. காலையில் திரைச்சீலையை விலக்கி, விளக்குகளை எல்லாம் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கு நடந்தே போவோம். பேசாமல் நடக்கவும் அனுமதி உண்டு. மழைத்தூறல் அக்கா, உங்கள் மகளிடம் இது பலருக்கும் வருவது, இதற்குப் பெயர் இருக்கிறது, இது போய்விடும் என்று சொல்லுங்கள். பெயர் தெரிந்த நாளில்தான் எனக்கு மூச்சு வந்தது.

வகுப்பறை எழுதியது:

பொறுமைசாலி ஐயா சொன்ன இரண்டாவது செய்தியை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். நான் ஆசிரியை. பள்ளிதான் காரணமா, பருவமா என்று பிரித்தறிய விடுமுறை உதவும். குளிர்கால விடுமுறை தொடங்கிய மறுநாளே பிள்ளை துள்ளத் தொடங்கி, பள்ளி திறக்கும் முந்தைய மாலை வயிற்றுவலி என்று படுத்தால், என் சந்தேகம் பள்ளியின் பக்கமே போகும். விடுமுறையிலும் அதே அசதி, அதே இனிப்பு ஆசை, அதே எரிச்சல் என்றால் பருவத்தை நினைக்க வேண்டும். ஆண்டுதோறும் வரும் ஏதோ ஒரு நெருக்கடியால் உண்டாகும் வாட்டத்தைப் பருவகால மனச்சோர்வில் சேர்ப்பதில்லை என்று மருத்துவ வரையறையும் சொல்கிறது.

எங்களிடம் வந்து கேளுங்கள், அம்மா. சன்னலோர இருக்கை, கடினமான தேர்வைக் காலை முதல் பாடவேளையில் வைக்காமல் இருப்பது, வீட்டுப்பாடத்துக்குச் சற்றுக் கூடுதல் அவகாசம், இடைவேளையில் கட்டாயம் வெளியே அனுப்புவது ஆகியவற்றைப் பெரும்பாலான ஆசிரியர்கள் மனமுவந்து செய்வார்கள். குளிர் என்று சொல்லி இடைவேளையில் பிள்ளைகளை உள்ளேயே அடைத்து வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அவர்களுக்கு வெளிச்சம் கிடைக்கிற ஒரே நேரத்தையும் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

நீலவானம் எழுதியது:

இத்தனை சிக்கல் எதற்கு? வைட்டமின் டி கொடுங்கள். வெயில் இல்லையென்றால் அது குறையும். குறைந்தால் சோர்வு வரும். மாத்திரையைக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

செவிலி எழுதியது:

நீலவானம், கூடுதலாகக் கொடுப்பதை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள். ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகு என்பது பொதுவான பரிந்துரை. வைட்டமின் டி உடம்பில் தங்கும் வகை. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறு வரை போகும். குறைபாடு இருந்தால் பரிசோதனையில் தெரியும், மருத்துவர் அளவைச் சொல்வார். எலும்புக்கு அது தேவைதான். ஆனால் அதைக் கொடுத்தால் பருவகால மனச்சோர்வு தீரும் என்பதற்குத் திடமான சான்று இல்லை.

வைட்டமின் டிக்கான வெயிலையும் மனத்துக்கான வெளிச்சத்தையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். தோல் வைட்டமின் டி உண்டாக்கப் புறஊதாக் கதிர் வேண்டும், சன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். மனச்சோர்வில் நமக்கு வேண்டியது கண்ணுக்குள் போகும் சாதாரண வெளிச்சம், அது கண்ணாடி வழியாகவும் வரும். எனவே சன்னலோரம் உட்காரும் பிள்ளைக்கு அதனால் வைட்டமின் டி கிடைக்காது, ஆனால் உடல் கடிகாரத்துக்கு நன்மை உண்டு.

மழைத்தூறல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இளவேனில் தங்கை எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். "அந்த அக்காவுக்கும் பேனா நின்றதா?" என்று கேட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளாகக் கேட்ட கேள்வி. விடுமுறையிலும் அவளுக்கு மாற்றம் இருந்ததில்லை, வகுப்பறை அம்மா. மருத்துவரிடம் நாள் குறித்துவிட்டேன்.

ஒளிச் சிகிச்சை விளக்கு ஒன்றை வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். பிள்ளைகளுக்கு அது சரிப்படுமா? வீட்டில் இருக்கிற விளக்குகளையே கூட்டிப் போட்டால் போதாதா?

விளக்கொளி எழுதியது:

என் மகனுக்கு மருத்துவர் மேற்பார்வையில் அந்த விளக்கைப் பயன்படுத்துகிறோம். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் சின்னச் சின்ன விஷயங்களில்தான் பலன் நிற்கிறது.

வீட்டு விளக்குகள் போதா. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; அறைக்குள் பொதுவாக 100 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். நம் கண் அதற்குப் பழகிக்கொள்வதால் குறைவு என்று தெரிவதில்லை. மேகம் மூடிய பகலிலும் வெளியே 1,000 லக்ஸைத் தாண்டும், கோடை நண்பகலில் 50,000க்கும் மேலே போகும். சிகிச்சை விளக்கு 10,000 லக்ஸ். ஆனால் அந்த எண் குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டுமே பொருந்தும். எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். தள்ளி வைத்தால் வெளிச்சம் மளமளவென்று விழுந்துவிடும். மேசையில் பெரியவர்கள் உயரத்துக்கு வைத்தால் பிள்ளையின் நெற்றிக்கு மேலே போய்விடுகிறது. என் மகனை நாற்காலியில் உட்காரவைத்து, அவன் புத்தகத்தைப் பார்க்கும்போது முகத்தில் ஒளி விழும்படி விளக்கைத் தாழ்த்திச் சாய்த்து வைத்திருக்கிறோம். விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது. கண் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். படிக்கலாம், சாப்பிடலாம், வரையலாம்.

பெரியவர்களுக்கு வழக்கமாகக் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் என்பார்கள். பிள்ளைக்கு எவ்வளவு நேரம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். மாலையில் வேண்டவே வேண்டாம், தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். பலன் ஓரிரு வாரத்தில் தெரியத் தொடங்கும். முதல் சில நாள்கள் என் மகனுக்குத் தலைவலி இருந்தது. நேரத்தைக் குறைத்துத் தொடங்கி மெல்லக் கூட்டியதும் சரியானது.

பிள்ளைகளிடம் சோதித்தார்களா என்றால், ஆம், அளவில் சிறிய ஆய்வு ஒன்று உண்டு. 1997இல் வெளியானது, 7 முதல் 17 வயது வரையிலான 28 பேர் பங்கேற்றார்கள். பிரகாசமான ஒளியும், விடியலைப் போல மெல்லக் கூடும் விளக்கும், போலிச் சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தந்தன. 28 பேர் என்பது குறைவுதான் என்று எங்கள் மருத்துவரே சொன்னார். அதனால்தான் தானாக வாங்கி வைத்துக்கொள்ளாமல் அவரிடம் கேட்டுச் செய்யுங்கள் என்கிறேன்.

செவிலி எழுதியது:

விளக்கொளி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழித்திரைக் கோளாறு உள்ள பிள்ளை, ஒளிக்கு உடம்பைக் கூச வைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளை, குடும்பத்தில் இருமுனை மனநோய் (மனச்சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறி மாறி வரும் நோய்) உள்ள பிள்ளை என்றால் மருத்துவர் சொல்லாமல் விளக்கு கூடாது. கடைசியில் சொன்னது முக்கியம். ஒளிச் சிகிச்சை சிலரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். தூக்கமே இல்லாமல் ஓயாத பேச்சும் அடங்காத வேகமும் வந்தால் நிறுத்திவிட்டு உடனே அழைக்க வேண்டும். புறஊதாக் கதிரை வடிகட்டும் விளக்காகவும் இருக்க வேண்டும். தோலைக் கருக்கவைக்கும் விளக்கை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

இளவேனில் எழுதியது:

விளக்கு எனக்குப் பாதி உதவியது. மீதிப் பாதி, ஆலோசகர் கற்றுத்தந்த சின்னச் சின்ன வேலைகள். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் வராது, செய்யத் தொடங்கினால் கொஞ்சம் வரும் என்பார். முதலில் நான் நம்பவே இல்லை. தினமும் மதியம் வெளியே கால் மணி நேரம், வாரத்தில் ஒருமுறை ஒரே ஒரு தோழி. பெரிய கூட்டத்துக்கு என்னால் போக முடியாது என்பதை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டதால்தான் அந்தச் சிறியது முடிந்தது.

செவிலி எழுதியது:

இதற்கு நல்ல ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழக உளவியலாளர் கெல்லி ரோஹன் 177 பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒளிச் சிகிச்சையும் மற்றவர்களுக்கு எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையும் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே பலன் தந்தன. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, ஒளி பெற்றவர்களில் ஏறக்குறைய 46 சதவீதத்தினருக்கும் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியிருந்தது. பெரியவர்களிடம் செய்தது என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் விளக்கோடு நின்றுவிடாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்ல எனக்கு இது துணிவு தருகிறது.

பொறுமைசாலி எழுதியது:

இளவேனில், நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன், அம்மா. நான் கேட்கிற கண்டிப்பு வேறு வகை. விடுமுறை நாளில் என் சின்னவன் மதியம் வரை தூங்குகிறான். தூங்கட்டும் என்கிறாள் மனைவி. எழுப்ப வேண்டும் என்கிறேன் நான். இந்தக் கேள்வி மழைத்தூறலுக்கும் பயன்படும்.

செவிலி எழுதியது:

எழுப்புங்கள், ஐயா, ஆனால் அன்பாக. வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் எழும் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது. மதியம் வரை தூங்கினால் காலை வெளிச்சம் முழுவதும் போய்விடும், கடிகாரம் மேலும் பின்தங்கும், திங்கட்கிழமை நரகமாகும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் வேண்டும். அதை இரவுப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரமாவது கைப்பேசித் திரையை எடுத்துவிடுங்கள். பருவ வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குப் போகும் என்பதால், 15 வயதுப் பையன் இரவு 9 மணிக்குத் தூங்கவில்லை என்று சண்டை போடுவதில் பலனில்லை.

மழைத்தூறல் எழுதியது:

நேற்று இரவு மகள், "நான் இல்லாமல் இருந்தால் உங்களுக்கெல்லாம் சுலபமாக இருக்கும்" என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அணைத்துக்கொண்டேன், வேறு எதுவும் கேட்கத் துணியவில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ?

செவிலி எழுதியது:

கேளுங்கள், சகோதரி. இன்றே, அவள் பள்ளியிலிருந்து வந்ததும். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, இது பலமுறை ஆராயப்பட்ட விஷயம். "நீ அப்படிச் சொன்னது என் மனதிலேயே நிற்கிறது. செத்துவிடலாம், உன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பு உனக்கு வருகிறதா?" என்று நேராக, அமைதியாகக் கேளுங்கள். அவள் என்ன சொன்னாலும் திட்டாமல், உடனே ஆறுதல் சொல்லி வாயை அடைக்காமல், முழுவதையும் கேளுங்கள். ஆம் என்றால், எப்படி என்று நினைத்திருக்கிறாள் என்பதையும் கேளுங்கள்.

குறித்த நாள்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவமனையை அழைத்து அவள் சொன்ன அதே சொற்களைச் சொன்னால் முன்னதாகவே பார்ப்பார்கள். எண்ணம் இருக்கிறது, வழியும் யோசித்திருக்கிறாள் என்றால் இன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், ஒரு கணமும் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், பெரியவர்களுடையதையும் சேர்த்து. பேசிவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள், விழித்திருக்கிறேன்.

மழைத்தூறல் எழுதியது:

கேட்டேன். சாக நினைத்ததில்லையாம், காணாமல் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுமாம். தன்னால் வீட்டில் எல்லோருக்கும் தொல்லை என்று நினைத்திருக்கிறாள். நிறைய அழுதோம். மாத்திரைகளைப் பூட்டிவிட்டேன். மருத்துவமனை நாளை காலையே வரச் சொல்லிவிட்டது.

இளவேனில் எழுதியது:

அக்கா, அவள் உங்களிடம் சொன்னாளே, அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு என் அன்பு.

மழைத்தூறல் எழுதியது:

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்தார். இரும்புச்சத்து கொஞ்சம் குறைவு, அதற்கு மருந்து தந்திருக்கிறார். மனநல மருத்துவரும் பார்த்தார். பருவகால மனச்சோர்வுதான் என்பது அவர் கணிப்பு. வாரம் ஒருமுறை ஆலோசகர், காலையில் அளவோடு விளக்கு. மனச்சோர்வு மருந்து இப்போதைக்கு வேண்டாம், இவற்றுக்குப் பிடிகொடுக்காவிட்டால் அடுத்து யோசிக்கலாம் என்றார். அப்படித் தொடங்கினால் முதல் வாரங்களில் நெருக்கமாகக் கண்காணிக்க வேண்டியிருக்கும் என்பதையும் விளக்கினார். வகுப்பில் சன்னலோர இடம் கிடைத்துவிட்டது.

முழுவதும் தெளிந்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். மாலையில் இன்னும் எரிந்து விழுகிறாள். இனிப்பை முற்றாக நிறுத்தாமல், வந்ததும் வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்துவிடுகிறேன், தேடல் குறைந்திருக்கிறது. முன்பு கூப்பிட்டுக்கொண்டேயிருந்த தோழி ஒருத்தி சனிக்கிழமை வந்தாள். இருவரும் அதிகம் பேசவில்லை, ஆனால் அவள் போன பிறகு, "அடுத்த வாரமும் வரச் சொல்லட்டுமா?" என்று மகளே கேட்டாள்.

ஒரு கேள்வி மட்டும். வசந்தத்தில் விளக்கை எப்போது நிறுத்துவது, அடுத்த ஆண்டு எப்போது தொடங்குவது?

செவிலி எழுதியது:

மனம் நிறைந்தது, சகோதரி. வெளிச்சம் நீண்டு அவள் தானாகவே நன்றாக இருக்கத் தொடங்கியதும், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு விளக்கின் நேரத்தைக் குறைத்து நிறுத்தலாம். ஆலோசகரிடம் போவதை மட்டும் அவள் சிரிக்கத் தொடங்கிய வாரத்திலேயே நிறுத்திவிடாதீர்கள். தெளிந்த மனத்தோடு கற்றுக்கொள்வதுதான் அடுத்த குளிர்காலத்தில் கைகொடுக்கும். இந்த ஆண்டு முதல் அறிகுறி எந்த வாரம் வந்தது என்று நினைவிருக்கும்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து, விளக்கையும் ஆசிரியரிடம் பேசுவதையும் தொடங்கிவிடுங்கள். நாட்காட்டியில் எழுதும்போது மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதுங்கள்.